காடு திருத்திய ஊரும் திரும்பி வந்த புலியும்

ஸ்ரீவில்லிபுத்தூரின் தலபுராணத்தில் ஒரு புலி வருகிறது. மல்லி என்ற அரசிக்கு வில்லி, கண்டன் என்று இரண்டு மகன்கள். வேடர் குலம். ஒருநாள் வேட்டைக்குப் போன இடத்தில் கண்டன் ஒரு புலியைத் துரத்திக்கொண்டு அடர்ந்த காட்டுக்குள் போனான். புலி அவனைக் கொன்றுவிட்டது. அவனைத் தேடி அலைந்த வில்லி களைத்துப்போய் மரத்தடியில் கண்ணயர்ந்தான். கனவில் பெருமாள் வந்து நடந்ததைச் சொன்னார். தாம் அங்கே ஆலமரத்தடியில் வடபத்ரசாயியாக இருப்பதையும் சொல்லி, காட்டைத் திருத்திக் கோயில் கட்டு, ஊரை எழுப்பு என்றார். வில்லி அப்படியே செய்தான். ஊர் அவன் பெயரால் நின்றது.

புராணத்தை வரலாறாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கதை ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறது. பல ஊர்த் தலபுராணங்களில் வனம் வரும், வனத்தில் முனிவர் வருவார், லிங்கம் வெளிப்படும். இங்கே ஒரு வேடன் புலியிடம் தோற்கிறான், அதற்கு அடுத்த காரியமாகக் காடு வெட்டப்படுகிறது. தமிழ்நாட்டு அரசு முத்திரையில் இருக்கும் கோபுரத்தை உடைய ஊர், தான் யாருடைய இடத்தில் எழுந்தது என்பதைத் தன் பிறப்புக் கதையிலேயே எழுதி வைத்திருக்கிறது.

2021 பிப்ரவரியில் அந்த ஊரின் பெயரை ஒரு புலிகள் காப்பகத்துக்கு வைத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம், இந்தியாவில் 51-ஆவது, தமிழ்நாட்டில் 5-ஆவது. விருதுநகர் மாவட்டத்திலிருந்த சாம்பல் நிற அணில் சரணாலயத்தையும் தேனி மாவட்டத்து மேகமலைச் சரணாலயத்தையும் சேர்த்து சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் வருசநாட்டுப் பள்ளத்தாக்கை மூன்று பக்கமும் மலை அணைத்துக்கொண்டிருக்கும். வைகையின் நீர்ப்பிடிப்பு இதற்குள் வருகிறது. மேற்கே முகட்டைத் தாண்டினால் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம். தானியங்கிக் கேமராக்களில் புலிகள் பதிவானதும், பெரியாற்றுக் காட்டோடு அறுபடாத தொடர்ச்சி இருந்ததும் சேர்ந்தே இந்த அறிவிப்பைக் கொண்டுவந்தன.

புலி போனது எப்படி, வந்தது எப்படி என்ற கதையில் அரசர்களைவிடச் சட்டங்களுக்கும் அணில்களுக்கும் பங்கு அதிகம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தென்மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ராஜபாளையம். விஜயநகரக் காலத்துப் படையெடுப்புகளை ஒட்டி ஆந்திரத்திலிருந்து வந்து குடியேறிய ராஜுக்களின் ஊர். இதன் தெற்கே சேத்தூர், சிவகிரி என்று பாளையங்கள், பிற்பாடு ஜமீன்கள். மலைச்சரிவுக் காடுகளில் பெரும்பகுதி அந்த ஜமீன்களுக்குச் சொந்தம். 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்படும்வரை ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் திருநெல்வேலிச் சீமையில் இருந்தது. மலை, அதன் அடியில் கண்மாய்கள், அதற்குக் கீழே கரிசல். அடிவாரத்தில் குடியிருந்தவனுக்குக் காடு என்றால் விறகு, தேன், மேய்ச்சல், கூடவே பயம்.

வெள்ளைக்காரன் காலத்தில் அந்தப் பயத்துக்கு விலை வைத்தார்கள். புலியையும் சிறுத்தையையும் கொன்று கொண்டுவந்தால் அரசாங்கம் வெகுமதி கொடுத்தது. பயிரை அழிக்கும் பிராணி என்று யானையைச் சுட்டாலும் ஒரு காலம்வரை சென்னை மாகாணத்தில் வெகுமதி கிடைத்தது. யானையை வண்டி இழுக்கவும் மரம் இழுக்கவும் உயிரோடு பிடித்தால் லாபம், சுட்டால் நஷ்டம் என்று கணக்குப் பார்த்த பிறகே 1873-இல் காட்டு யானைகளைக் காக்க மாகாணம் சட்டம் போட்டது. நாடு முழுவதற்குமான யானைச் சட்டம் 1879-இல்தான் வந்தது. புலிக்கு அந்தக் கருணையும் கிடைக்கவில்லை. அது எதையும் இழுக்காதே.

இந்த வட்டாரத்தின் வேட்டைக் காலத்துக்கு இன்றும் உயிரோடு ஒரு சாட்சி இருக்கிறது: ராஜபாளையம் நாய். வெள்ளை வெளேரென்ற உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள். அழகுக்காகவோ மடியில் வைத்துக் கொஞ்சவோ வளர்த்த நாய் இல்லை. காட்டுப்பன்றி வேட்டைக்கென்று வளர்த்த இனம். பன்றி சாதாரணப் பிராணி இல்லை; திரும்பி நின்றால் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். அதை நிறுத்திவைக்கத் துணிகிற நாயை ஒரு ஊர் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்திருக்கிறது என்றால், பன்றி அந்த ஊருக்கு எவ்வளவு நெருக்கத்தில் இருந்திருக்க வேண்டும்! 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் நாய்க்கு வேலை போயிற்று. தோட்டக் காவலுக்குப் போனது, பணக்கார வீட்டு வாசலுக்குப் போனது. இனம் தேய்ந்துபோவதைப் பார்த்து, தமிழக அரசின் கால்நடைத் துறை சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களுக்கு ஓர் இனப்பெருக்கப் பிரிவு நடத்தியது. 2005-இல் அஞ்சல் துறை தபால் தலையும் வெளியிட்டது.

பன்றியின் கதை நேர்மாறு. வேட்டை நின்றதும் பெருகியது, மலையைவிட்டு இறங்கிக் கண்மாய் முள்காடுகளில் தங்கியது, மக்காச்சோளக் கொல்லைகளைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. மானாவாரி விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்தார்கள். 2025 ஜனவரியில் மாநில அரசு ஒரு வழி சொன்னது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம், அதற்குள் என்றால் கூடாது. நாயை வைத்துச் செய்த காரியத்தை அரசாணையும் துப்பாக்கியும் வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகள்தான் மலைக்கு மோசமானவை. ஜமீன் ஒழியப்போகிறது என்று தெரிந்ததும், கைவிட்டுப் போகும் காட்டை மரமாக்கிக் காசாக்கிவிடும் வேகம் மாகாணம் முழுக்க இருந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல். தனியார் காடுகளை விற்கவும் வெட்டவும் தடைபோடும் சட்டம் 1949-இல். அந்த 1949 ஏப்ரலில் மாகாணத்தின் முதலமைச்சரானவர் ராஜபாளையத்துக்காரரான பூ. ச. குமாரசாமி ராஜா என்பது ஒரு பொருத்தம்.

மலையின் மறுபக்கம் வேறு விதமாகப் போயிற்று. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்து ஏரி நிறைந்த பிறகு, அதைச் சுற்றிய காட்டைத் திருவிதாங்கூர் சமஸ்தானம் 1934-இல் வேட்டை விலங்குகளுக்கான சரணாலயமாக்கியது. 1950-இல் அது விரிந்தது, 1978-இல் புலிகள் காப்பகமானது. மதுரைச் சீமைக்குத் தண்ணீர் தருவதற்காகக் கட்டிய அணை, பக்கத்துக் காட்டுப் புலிக்கும் ஒரு புகலிடத்தை ஏற்படுத்தித் தந்தது. கிழக்குச் சரிவில் கோடாரி ஓசை கேட்ட காலத்திலும் முகட்டுக்கு அந்தப் பக்கம் குட்டி போட இடம் இருந்தது. அந்தக் கையிருப்பு இல்லாமல் இந்தப் பக்கம் எந்த அறிவிப்பு வந்திருந்தாலும் காகிதத்தில்தான் புலி இருந்திருக்கும்.

கிழக்குச் சரிவைக் காப்பாற்றியது ஓர் அணில். நரை அணில் என்றும் சாம்பல் நிற மலை அணில் என்றும் சொல்வார்கள். வாலோடு சேர்த்தால் ஏறக்குறைய ஒரு பூனை நீளம். மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வாழ்கிற ஜீவன். கிளையும் கிளையும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், இடைவெளி விழுந்தால் அதன் உலகம் முடிந்தது. உலகத்தில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில், ராக்காச்சி அம்மன் கோயிலுக்கும் காட்டழகர் கோயிலுக்கும் போகிற வழியில் மாவும் புளியும் அடர்ந்த ஓடைக்கரைகளில் இது கணிசமாக இருந்தது. அந்தக் காலத்தில் சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர் ஏ. ஜே. டி. ஜான்சிங். விடுமுறையில் இந்த மலைகளில் நடந்தவர். பின்னாளில் பந்திப்பூரில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து, இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் ஒரு தலைமுறை ஆய்வாளர்களை வளர்த்தார். நரை அணிலைப் பற்றிய ஆரம்பகால ஆய்வுகளில் அவருக்கும் பங்குண்டு. 1988-இல் சுமார் 485 சதுர கிலோமீட்டர் காடு அணில் பெயரால் சரணாலயமானது. 2024 ஜூனில் ஜான்சிங் காலமானபோது அந்தக் காடு புலிகள் காப்பகமாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

அணிலுக்காகக் காட்டை மூடினார்கள், யானைக்கும் காட்டுமாட்டுக்கும் வரையாட்டுக்கும் கதவு திறந்துகொண்டது. 2003-இல் இதே மலைத்தொடர் ஸ்ரீவில்லிபுத்தூர் யானைகள் காப்பகமாகவும் ஆனது. நாட்டுக் கணக்கும் ஏறிக்கொண்டிருந்தது: 2006-இல் இந்தியாவில் 1,411 என்று மதிப்பிடப்பட்ட புலிகள் 2022-இல் 3,682. தமிழ்நாட்டில் அதே இடைவெளியில் 76-லிருந்து 306. யானைகள் 2024 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 3,063.

எண்ணிக்கை ஏறினால் யாருக்கு மகிழ்ச்சி என்பது கேட்கும் ஆளைப் பொறுத்தது. முடங்கியாற்றுச் சாலையில் ராஜபாளையத்திலிருந்து மேற்கே போனால் ஆறாவது மைல் நீர்த்தேக்கம், அதையும் தாண்டினால் நீர் காத்த அய்யனார் கோயில். நகரத்தின் குடிதண்ணீர் வருகிற வழி இது. வழிநெடுகத் தென்னந்தோப்பு, மாந்தோப்பு. ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழம் விளைகிற மண். தெற்கே சேத்தூர், தேவதானம், வடக்கே வத்திராயிருப்பு, பிளவக்கல் அணைப் பக்கம் என்று அடிவாரம் முழுக்க இதே காட்சிதான். தோப்பின் வேலி முடியும் இடத்தில் காடு. பல இடங்களில் நடுவே ஓர் ஓடையோ அகழியோதான் எல்லை.

யானைக்கு ஒரு நாளைக்கு நூறு நூற்றைம்பது கிலோ தீனி வேண்டும். கோடையில் மேலே புல் காய்ந்து, ஓடை சுருங்கிப்போன பிறகு, கீழே சொட்டுநீர்ப் பாசனத்தில் பச்சையாக நிற்கிற தோப்பு அதற்குத் தெரியாமலா போகும்? தென்னையைச் சாய்த்துக் குருத்தை மட்டும் எடுத்துத் தின்றுவிட்டுப் போய்விடும். நட்டுப் பத்து வருஷம் தண்ணீர் விட்டவனுக்கு ஒரே ராத்திரியில் எல்லாம் போச்சு. நஷ்டஈட்டு மனு, கிராம நிர்வாக அலுவலர் சான்று, வனத்துறைப் பார்வை என்று அலைந்து வருகிற தொகை மறுபடி கன்று வாங்கக்கூடப் போதாது என்பது அடிவாரத்தில் சாதாரணமாகக் கேட்கிற பேச்சு. அகழி வெட்டுகிறார்கள், மழையில் தூர்ந்துபோகிறது. சூரிய மின்வேலி போடுகிறார்கள். வெடி போடுகிறார்கள், வெடிக்கு மட்டும் இந்த ஊரில் பஞ்சமில்லை, சிவகாசி பக்கத்தில்தான்.

“யானை இடத்தில் நாம் போய்த் தோப்பு வைத்தோம்” என்ற வாக்கியம் இப்போது நகரத்து மேடைகளில் சுலபமாக வருகிறது. வரலாற்றுக் கணக்கில் அது சரி. ஆனால் அந்தக் கணக்கைத் தீர்க்கிற பொறுப்பை இரண்டு ஏக்கர் பட்டா வைத்திருக்கிறவன் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமில்லை. காட்டைத் திருத்தியதன் பலனைக் கோபுரம் முதல் நூற்பாலை வரை எல்லோரும் அனுபவித்திருக்கிறார்கள். செலவு மட்டும் ஏன் கடைசி வேலிக்காரனுக்கு?

செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோயில் பக்கத்திலும் குடியிருக்கிற பளியர்களுக்கு, “விலங்குகள் திரும்பி வந்துவிட்டன” என்ற பேச்சே வேடிக்கையாகத்தான் இருக்கும். தேன் எடுக்கவும் கிழங்கு தோண்டவும் மலையேறுகிறவர்களுக்கு யானை என்றைக்கும் எதிரே வரக்கூடிய ஒன்று. மலைமேல் யானை எப்போதும் உண்டு. அது விட்டுப்போனது அடிவாரத்தைத்தான்.

திரும்பி வருதல் எவ்வளவு கரடுமுரடானது என்பதை 2023 கோடையில் தமிழ்நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது. இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் ஒரு கொம்பன் யானை. அரிசிக்காக ரேஷன் கடையையும் வீட்டையும் உடைத்ததால் மலையாளத்தில் அரிக்கொம்பன் என்று பெயர். அதன் வழித்தடத்தில் கேரள அரசு 2002 வாக்கில் நிலமற்ற பழங்குடிக் குடும்பங்களைக் குடியேற்றியிருந்தது. சண்டை அங்கே முளைத்தது. நீதிமன்றம் வரை போய், 2023 ஏப்ரல் 29-ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிப் பெரியாறு காப்பகத்தில் விட்டார்கள். காப்பகத்துக்குள் இருக்கச் சொன்னால் இருக்குமா? மாநில எல்லை அதற்கு என்ன தெரியும்? முகட்டைத் தாண்டி மேகமலைப் பக்கம், அதாவது நம் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காப்பகத்துக்குள் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் சுற்றியது.

மே 27 காலை கம்பம் நகரத் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆட்டோக்கள் நசுங்கின, ஜனங்கள் மாடியேறினார்கள், 144 தடை உத்தரவு வந்தது. காயம்பட்ட ஒருவர் சில நாளில் இறந்துபோனார். கும்கிகளைக் கொண்டுவந்து, ஜூன் 5 விடியற்காலையில் தேனி மாவட்டத்தில் மறுபடி பிடித்தார்கள். லாரியில் ஏற்றித் தெற்கே களக்காடு–முண்டந்துறைக்குக் கொண்டுபோய் மேல்கோதையாறு காட்டில் விட்டார்கள். இரு மாநில மக்களும் அந்த லாரிக்காகக் கட்சி பிரிந்து வாதாடினார்கள். ஒரு தரப்புக்கு அது கொலைகாரன், இன்னொரு தரப்புக்கு நாடு கடத்தப்பட்டவன். ஒரு யானையை அதன் கூட்டத்தைவிட்டுப் பிரித்து மூன்றாவது காட்டில் இறக்கிவிடுவதை நிர்வாகம் என்று சொல்லலாம், தீர்வு என்று சொல்ல முடியாது.

இப்படி இடம் தேடிப் போகிற விலங்குகள் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1980-களில் கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்துக் காடுகளிலிருந்து ஒரு யானைக் கூட்டம் கிழக்கே நடந்து ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்குள் போயிற்று. சுமார் இருநூறு ஆண்டுகளாக யானையே இல்லாமலிருந்த மண். மக்களுக்கு யானையோடு பழகிய ஞாபகமே அற்றுப்போயிருந்தது. இரு பக்கமும் உயிர்ச்சேதம். 1990-இல் ஆந்திர அரசு அங்கே கௌண்டின்யா சரணாலயத்தை அமைத்தது. 2024 ஏப்ரலில் மயிலாடுதுறையில் ஒரு சிறுத்தை. காவிரி டெல்டாவின் நடுவில், பக்கத்தில் பெருங்காடு எதுவும் இல்லாத ஊரில், கண்காணிப்புக் கேமராவில் தெரிந்தது. கூண்டுகள் வைத்தார்கள், பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், அகப்படவில்லை. சில நாட்கள் கழித்து அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் தென்பட்டதாகச் செய்தி வந்தது. ஜெர்மனியில் ஒன்றரை நூற்றாண்டு ஓநாய் இல்லை. 2000-இல் போலந்து எல்லையை ஒட்டிய சாக்சனியில் குட்டி போட்டது, இன்று அங்கேயும் ஆடு வளர்ப்பவர்கள் ஒரு கட்சி, ஓநாய்ப் பிரியர்கள் ஒரு கட்சி.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டுக்கு வேறொரு குறை உண்டு. வடக்கிலும் மேற்கிலும் அதற்கு வழி இருக்கிறது. தெற்கே இல்லை.

மேற்குத் தொடர்ச்சி மலை சிவகிரி, வாசுதேவநல்லூர், கடையநல்லூர் என்று இறங்கிவந்து செங்கோட்டை அருகே ஆரியங்காவுக் கணவாயில் தாழ்கிறது. அதற்குத் தெற்கே அகத்தியமலை, களக்காடு–முண்டந்துறை. இயற்கையில் இது ஒரே காடு. கணவாய் வழியாக 1904-இல் கொல்லம் ரயில் பாதை போட்டார்கள்; கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தைப் பார்க்க இன்றும் கூட்டம் வருகிறது. கூடவே நெடுஞ்சாலை, ரப்பர்த் தோட்டம், மரக்கடை, குடியிருப்பு. 2018-இல் அகலப்பாதை. திருமங்கலத்தில் கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் கடைத்தெருக்களின் வழியே வருகிற தேசிய நெடுஞ்சாலை 744-தான் அந்தக் கணவாயைக் கடந்து கொல்லம் போகிறது. தெற்கே அகத்தியமலைப் பக்கம் இருக்கும் யானையும் புலியும் வடக்கிலிருந்து புது ரத்தம் வராமல் தனித்துப்போகும் என்று ஜான்சிங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதினார்கள். வடக்கிலிருந்து தெற்குக்கு அரிக்கொம்பனே லாரியில்தான் போக வேண்டியிருந்தது.

சாலை போட்டால் விலங்குக்கு வழியடைபடத்தான் வேண்டும் என்பதில்லை. நாக்பூர்–ஜபல்பூர் நெடுஞ்சாலை பெஞ்ச் புலிகள் காப்பகத்தைக் கடக்கும் இடத்தில், நீதிமன்றப் போராட்டத்துக்குப் பிறகு, சாலையைத் தூக்கி அடியில் 9 கடவுவழிகள் விட்டார்கள். மிக நீளமானது 750 மீட்டர். புலிகள் அதன் வழியே போய்வருவதை வனவிலங்கு நிறுவனத்தின் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. தமிழ்நாட்டிலேயே கோவை மதுக்கரையில், ரயிலில் அடிபட்டுப் பல யானைகள் செத்த பிறகு, தண்டவாளத்தின் கீழ் வழி அமைத்தார்கள். 2024-லிருந்து செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் யானை வருவதை ரயில்வேக்கு முன்கூட்டியே சொல்கின்றன.

இப்போது திருமங்கலம்–ராஜபாளையம் நான்குவழிச் சாலை வேலை நடக்கிறது. செங்கோட்டை–கொல்லம் புதிய வழித்தடமும் திட்டத்தில் இருக்கிறது. கணவாய்ப் பகுதியில் விலங்குகளுக்கு எத்தனை இடத்தில் வழி, ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம் என்று கேட்கக் கருத்துக்கேட்புக் கூட்டங்கள்தான் இடம். விருதுநகர், தென்காசி மாவட்டத்துக்காரர்கள் அந்தக் கூட்டங்களுக்குப் போக வேண்டும். போகும்போது அடிவாரத்துத் தோப்புக்காரர்களையும் முன் வரிசைக்கு அழைத்துப் போக வேண்டும். தூண் எழும்பிய பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.